மொழிபெயர்க்க வேண்டாம் என்ற வாக்கியம்

சுனாமி வந்துபோன அடுத்த கோடையில் நான் மரக்காணத்தில் ஒரு டெலிபோன் பூத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். புதுச்சேரிக்குப் போய்வந்து பி.ஏ. ஆங்கிலம் முடித்திருந்தேன். மேலே படிக்கவைக்க வீட்டில் வழியில்லை. எங்கள் ஊர் மேற்கே, பஸ்ஸில் கொஞ்ச தூரம். அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற விவசாயி. கல்யாணம் முடிவாகும்வரை இந்த வேலை போதும் என்பது அம்மாவின் கணக்கு.

பூத்தில் உட்காருகிற பெண்ணை யாரும் நம்பமாட்டார்கள். கண்ணாடிக் கதவைச் சாத்தினாலும் பேச்சு வெளியே கேட்கும். பேசி முடித்து வருகிறவர்கள் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எவ்வளவு காதில் வாங்கியிருப்பேன் என்று அளக்கிற பார்வை அது. போதாததற்கு, மஃப்டியில் இருக்கும் போலீஸ்காரர் ஒருவர் பூத்து வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவர் போலீஸ் என்பது ஊருக்கே தெரியும். அவர் அங்கே உட்கார்ந்ததாலேயே நானும் அவருடைய ஆள் என்று ஒரு பேச்சு இருந்தது. அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த வருஷம் கடலோர ரோட்டில் புதுப்புது வண்டிகள் வந்தபடி இருந்தன. துணி கொடுப்பவர்கள், படகு கொடுப்பவர்கள், ஜெபம் செய்கிறவர்கள், படம் பிடிப்பவர்கள். எல்லாம் மீனவர் குப்பங்களைப் பார்த்துப் போயின. உப்பளத்துக்காரர்கள் இருந்த காலனிப் பக்கம் ஒன்றும் திரும்பவில்லை. அலை ஓடை வழியாக ஏறி உப்பளத்தில் புகுந்து, வரப்புகளை உடைத்துப் பாத்திகளைச் சேற்றால் மூடியிருந்தது. உப்பு வாருகிற பருவமே போய்விட்டது. ஆனால் நிவாரணம் மீன்பிடிக்கிறவர்களுக்கு மட்டும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். கேட்டுக் கேட்டு அலுத்து, காலனிக்காரர்கள் ஒரு நாள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து கலைத்தது. அன்று முன்னால் நின்று பேசிய ஒருவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த ஸ்டேஷன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சில நாள் கழித்து அவர் திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை. கேட்டவர்களிடம், "வரப்புல வழுக்கி வுழுந்துட்டேன்" என்றார்.

இதை விசாரிக்கத்தான் அந்த இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் டெல்லிக்காரர். தலை முழுக்க நரைத்தவர். காலேஜில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றபின் மனித உரிமை அமைப்பு ஒன்றில் வேலை செய்தார். இன்னொருவர் பெங்களூரிலிருந்து வந்த வக்கீலம்மா. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். இரண்டு பேருக்கும் தமிழ் வராது. அவர்களுக்கு மொழிபெயர்க்க வரவேண்டியவர் வரவில்லை. அதைப் பற்றிச் சலித்தபடி என் பூத்தில் போன் பேசினார்கள். லைன் கிடைக்காததை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டெல்லிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சம்பளம் தருகிறோம், மொழிபெயர்க்க வருகிறாயா என்று கேட்டார்.

அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "போலீசை எதிர்த்துப் பேசறவங்க கூடப் போறியே, நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பாங்க?" என்றாள். எனக்கு அந்த பூத்தைவிட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது.

முதல் முறை காலனிக்குப் போனபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடிபட்டவர் வீட்டில் இல்லை. அவர் மனைவி இருந்தார். முப்பது வயது இருக்கும். உப்பில் நின்று நின்று பாதம் வெடித்திருந்தது. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு மூன்று டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். மற்ற இருவரையும் அவர் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். எங்கள் தெருக்காரர்கள் காலனியில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் எடுத்துக் குடித்தேன்.

"குடிச்சுக் காட்டறியா?" என்றார்.

"தாகமா இருந்துச்சுக்கா."

"போலீசுக்காரன் உங்க பெஞ்சுலதான உக்காந்துகினு இருக்கறான்?"

"அவர் உக்காந்தா நான் என்னக்கா பண்றது? எழுந்து போங்கன்னா சொல்ல முடியும்?"

டெல்லிக்காரர் என்ன பேச்சு என்று கேட்டார். என்னை நம்பலாமா என்று கேட்கிறார் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, நம்பலாம் என்று சொல்லச் சொன்னார். என்னை நம்பலாம் என்று நானே எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் அந்த அக்கா தனியாகப் பூத்துக்கு வந்தார். பெஞ்ச் காலியாக இருந்தது. யாருக்கோ போன் பண்ணுவதுபோல ரிசீவரைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. நான் சொல்றேன். ஆனா எம் பேரு வரக்கூடாது. போட்டோ புடிக்கக்கூடாது. நான் சொன்னது இன்னொருத்தர் காதுக்குப் போவக்கூடாது. அவரு காதுக்கும் போவக்கூடாது. அந்த டெல்லிக்காரரக் கேட்டுச் சொல்லு."

டெல்லிக்காரர் உடனே ஒப்புக்கொண்டார். மறுநாள் அக்காவின் கணவர் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து வீட்டுக்குப் போனோம். நீங்கள் சொல்வது எங்கள் மூவரைத் தாண்டிப் போகாது என்று டெல்லிக்காரர் ஆங்கிலத்தில் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னேன். அக்காவுக்குக் கேட்டது என் குரல்தான். அந்த வாக்கைக் கொடுத்தவள் அவருக்கு நான்தான்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். கணவரை ஏற்றிப் போனதும் பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். உள்ளே விடவில்லை. வாசலில் நின்றிருக்கிறார்.

"ஒருத்தரு வெளிய வந்து தொடப்பத்தக் குடுத்தாரு. 'சும்மாத்தான நிக்கற, பெருக்கு'ன்னாரு. பெருக்குனா வுட்டுடுவாங்கன்னு நெனச்சேன். பெருக்குனேன். உள்ள அவர அடிக்கிறாங்க, அவரு கத்தறது கேக்குது. நான் பெருக்கிகினே இருந்தேன். வேப்பஞ்சருகு, பெருக்கப் பெருக்க வுழுது. அப்பறம் அவரு கத்தறது நின்னுபோச்சு. அப்பவும் நான் நிறுத்தல. நிறுத்தனா என்ன பண்ணுவாங்களோன்னு பயம்."

பிறகு இதையும் சொன்னார். "நான் பெருக்குனது அவருக்குத் தெரியாது. அவரு அடிவாங்கறப்ப பொண்டாட்டி வாசல் பெருக்கிகினு இருந்தான்னு தெரிஞ்சா, அவரு என்ன ஆவாருன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னேன். வக்கீலம்மா குனிந்தபடி எழுதினார். டெல்லிக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை.

இதற்கிடையில் மேலிடத்துக்கு அவர்கள் அனுப்பிய புகாரின் பேரில், விசாரிக்கச் சொல்லி வருவாய்த்துறை அதிகாரி ஒருவருக்கு உத்தரவு வந்திருந்தது. டெல்லிக்காரர் அவரைத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே ஆங்கிலமே போதும் என்பதால் என்னைக் கூப்பிடவில்லை. உற்சாகமாகத் திரும்பினார். நல்ல மனிதர், நிறையப் படித்தவர், நம் பக்கம் சாய்கிற ஆள் என்றார். வக்கீலம்மா மட்டும், அதிகாரிகள் எல்லாரும் முதல் சந்திப்பில் அப்படித்தான் தெரிவார்கள் என்றார்.

கொஞ்ச நாளில் காலனியில் என் முகத்தைப் பார்த்தால் கதவு சாத்தினார்கள். காரணம் புரியவில்லை. சந்தையில் அக்காவைப் பார்த்துக் கூப்பிட்டேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு நேராக என் எதிரே வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"அந்த மஃப்டி வூட்டாண்ட வந்தான். அவரு வெளிய போயிருந்தாரு. 'வாசல் பெருக்குனத வெளியூர்க்காரங்ககிட்ட சொன்னியாமே, இன்னொரு வாட்டி வந்து பெருக்கறியா?'ன்னு சிரிச்சிகினே கேட்டுட்டுப் போறான். இத நான் மூணு பேருக்குத்தான் சொன்னேன். அதுல தமிழ் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்."

"அக்கா, சத்தியமா நான் சொல்லல."

"உங்க பெஞ்சுலதான் உக்காந்துகினு இருக்கறான்."

உப்பளக் குத்தகைக்காரரும் வரப்பு கட்டுகிற வேலைக்கு அக்காவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. அதுவும் என் கணக்கில்தான் சேர்ந்தது.

நான் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் மீதி இரண்டு பேர். டெல்லிக்காரர் அழுதவர், அவர்மேல் சந்தேகம் போகவில்லை. வக்கீலம்மா மேல் போனது. அவர் தினமும் என் பூத்துக்கு வந்து கன்னடத்தில் நெடுநேரம் பேசுவார். குரலைத் தாழ்த்திப் பேசுவார். நடுநடுவே போலீஸ் என்ற சொல் வரும். பூத்துக்கு வருகிறவர்கள் என்னை எப்படிப் பார்த்தார்களோ அப்படியே அவரைப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"யாரிடம் பேசுகிறீர்கள்?"

அவர் ஆச்சரியப்படவில்லை. "என் அப்பாவிடம். அவர் போலீஸ் வேலையில் இருந்தவர். நான் இந்த வேலைக்கு வந்தது அவருக்குப் பிடிக்காது. தினமும் சண்டை" என்றார். பிறகு, "இத்தனை நாள் நான் உன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்" என்றும் சொன்னார்.

அதைக் கேட்டபின் அவரை நம்புவதா வேண்டாமா என்று இன்னும் குழப்பமாகிவிட்டது. மஃப்டி போலீஸ்காரர் வழக்கம்போல வாசலில் பேப்பர் படித்தார். ஒரு நாள் அவர் தலையைத் தூக்காமலே, "ஏம்மா, மொழிபெயர்ப்பெல்லாம் எப்படிப் போவுது?" என்று கேட்டார். நான் மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பதில் சொன்னால் ஒரு அர்த்தம், சொல்லாவிட்டால் ஒரு அர்த்தம்.

விசாரணைக்கு எல்லாரையும் அதிகாரி தன் ஆபீஸுக்கு வரச்சொன்னார். அக்காவும் கணவரும் பஸ்ஸில் வந்திருந்தார்கள். முந்தின நாளே யாரோ அக்காவிடம், ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு வா, வேலை திரும்பக் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படிச் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தார். இது அவரே பின்னால் சொன்னது. அன்று என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அதிகாரி மரியாதையானவர். எழுந்து நின்று வரவேற்றார். அக்காவையும் கணவரையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர்கள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள். டீயும் பிஸ்கட்டும் வந்தன. அக்காவுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர் கணவர். அவருடைய கேட்காத காது எங்கள் பக்கம் இருந்தது.

அதிகாரி டெல்லிக்காரரைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். தமிழர்தான் அவர். தமிழிலேயே அக்காவைக் கேட்டிருக்கலாம்.

"நீங்கள் அன்று என்னிடம் சொன்ன பெண் இவர்தானே? கணவர் உள்ளே இருந்தபோது ஸ்டேஷன் வாசலைப் பெருக்கியதாகச் சொன்னீர்களே? நான் ஸ்டேஷனில் விசாரித்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை என்கிறார்கள். இவரும் இப்போது மனசு மாறிவிட்டதாகக் கேள்விப்படுகிறேன்."

டெல்லிக்காரரின் முகம் சிவந்தது. "அதை நான் உங்களிடம் நம்பிக்கையின் பேரில் சொன்னேன்" என்றார்.

"நானும் பேர் எதுவும் வெளியே சொல்லவில்லை. விசாரிக்கும்போது விவரத்தைச் சொல்லித்தானே கேட்க முடியும்" என்றார் அதிகாரி.

பேரைச் சொல்லத் தேவையே இல்லை. அன்றைக்கு அந்த வாசலைப் பெருக்கிய பெண் ஒருத்திதான் என்பது துடைப்பத்தைக் கொடுத்தவருக்குத் தெரியாதா? வக்கீலம்மா டெல்லிக்காரரைப் பார்த்த பார்வையிலிருந்து அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது என்று எனக்குப் புரிந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "இன்னா சொல்றாங்க?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் டெல்லிக்காரர் ஆங்கிலத்தில், மெதுவாக, "இதை மொழிபெயர்க்க வேண்டாம். பிறகு நானே விளக்குகிறேன்" என்றார்.

என்னைச் சம்பளத்துக்கு வைத்திருந்தவர் அவர். வயதில் பெரியவர். அந்த நிமிஷம் எனக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த அறையில் இருப்பவர்களில் யாருக்கு நான் மொழிபெயர்க்கிறேன் என்ற கேள்விதான் வந்தது. அக்காவின் காதருகே குனிந்தேன். அதிகாரி சொன்னது, டெல்லிக்காரர் சொன்னது, மறுபடி அதிகாரி சொன்னது எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கடைசியில், இதை உங்களிடம் சொல்லவேண்டாம் என்று இப்போது என்னிடம் சொன்னார் என்பதையும் சொன்னேன். அவர் கணவருக்கு எதுவும் கேட்கவில்லை. பிஸ்கட்டைக் கையில் வைத்தபடி எங்கள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா நிமிர்ந்தார். பிறகு டெல்லிக்காரரைப் பார்த்துக் கேட்டார். "நீங்க ஏன் சொன்னீங்க?"

நான் அதை ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தடுமாறினார். புகாரை அதிகாரி பொதுவான பேச்சாக எடுத்துக்கொள்வாரோ என்று பயந்தேன், இது உண்மை என்று அவர் நம்பவேண்டும் என்பதற்காக அந்த ஒன்றைச் சொன்னேன், நல்லதற்குத்தான் சொன்னேன் என்றார்.

"என்னக் கேட்டீங்களா?"

"இல்லை."

"போலீசு செஞ்சதுக்குப் பதில் சொல்லணும்னுதான நீங்க வந்தீங்க? நீங்க செஞ்சதுக்கு யாரு பதில் சொல்றது?"

இதையும் மொழிபெயர்த்தேன். அதிகாரிக்கு என் உதவி தேவைப்படவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரிம்மா, அப்ப ஒண்ணும் நடக்கலன்னு எழுதிக்கலாமா?" என்று தமிழில் கேட்டார்.

அக்கா எழுந்தார். கணவரின் மறுபக்கம் போய், கேட்கிற காதருகே குனிந்தார். என்ன சொன்னார் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. கணவரின் முகத்தை மட்டும் பார்த்தேன். முதலில் புரியாத முகம். பிறகு கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். காது கேட்காதவர்கள் பேசுவதுபோல உரக்க, "பெருக்கச் சொன்னானா? உன்னையா?" என்றார். அடுத்த அறையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது.

அக்கா அவர் தோளில் கை வைத்தபடியே அதிகாரியிடம் திரும்பித் தன் முழுப்பேரையும், அப்பா பேரையும், ஊரையும் சொன்னார். "எழுதிக்கிங்க. நான்தான் பெருக்குனேன். உள்ள இவர அடிச்சாங்க. தொடப்பம் குடுத்தவர என்னால கை காட்ட முடியும். ஒளிக்கறதுக்கு இனிமே எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

அவர் கணவர் அதன்பின் வழுக்கி விழுந்ததாகச் சொல்லவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றி முதுகைக் காட்டினார். அதிகாரி பேனாவைத் திறந்தார். எழுதினார் என்பதைப் பார்த்தேன். எவ்வளவு உண்மையாக எழுதினார் என்பது எனக்குத் தெரியாது. நான் இருந்த இடத்திலிருந்து கையெழுத்து தலைகீழாகத் தெரிந்தது.

இதன் முடிவு பெரிய வெற்றி ஒன்றுமில்லை. அந்த ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். வழக்கமான மாறுதல் என்றார்கள். துடைப்பம் கொடுத்த ஏட்டு அங்கேயே இருந்தார். வழக்கு எதுவும் பதிவாகவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபின், விசாரணை அறிக்கை என்ன ஆயிற்று என்று வக்கீலம்மா கேட்டு எழுதினார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அதற்குள் அதிகாரியும் மாறிப் போயிருந்தார். காலனிக்கு ஒரு தடவை அரிசியும் தார்ப்பாயும் வந்தன. அது அந்த விசாரணையால் வந்ததா, தேர்தல் நெருங்கியதால் வந்ததா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வாங்கிக்கொண்டவர்கள் இரண்டையும் நம்பவில்லை.

டெல்லிக்காரர் போகும்முன் காலனிக்கு வந்தார். அக்கா வெளியே வரவில்லை. கணவர்தான் வந்து வாசலில் நின்றார். டெல்லிக்காரர் மன்னிப்புக் கேட்டார். நான் தமிழில், அவருடைய வலது காதுப் பக்கம் நின்று, உரக்கச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "சரி, போய்ட்டு வரச் சொல்லு" என்றார். மன்னித்தாரா என்று டெல்லிக்காரர் என்னைக் கேட்டார். போய்வரச் சொல்கிறார் என்று, சொன்னதை மட்டும் சொன்னேன். டெல்லிக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் நல்லவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்கிற நம்பிக்கையில், நம்மைக் கேட்காமலே நம் ரகசியமும் கைமாறிவிடும் என்பதை அந்த வருஷம் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் எந்த அமைப்பு கூப்பிட்டாலும், அறையில் பேசுவதை அங்கே இருக்கிற எல்லாருக்கும் முழுசாக மொழிபெயர்ப்பேன், சம்மதமா என்று முதலிலேயே கேட்டுவிடுவேன். சிலர் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள்.

அக்காவின் கணவருடைய இடது காதைப் பரிசோதிக்கப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அவர்கள் இருவரோடும் நானும் போனேன். சரிவராது என்றார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அக்கா ஜன்னலைப் பார்த்தபடி, "நீ சொல்லலன்னு தெரிஞ்சிகினேன்" என்றார். அவ்வளவுதான். நான் மேற்கொண்டு எதிர்பார்த்தேனோ என்னவோ, கூனிமேடு தாண்டும்வரை காத்திருந்தேன்.

அடுத்த பருவத்தில் உப்பளம் திரும்ப ஓடியது. வேறொரு குத்தகைக்காரரிடம் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. ஒரு மத்தியானம் வேலை முடிந்து, கணுக்கால்வரை உப்பு காய்ந்து வெளுத்திருக்க, பூத்துக்கு வந்தார். பெரிய முதலியார்சாவடியில் கட்டிக்கொடுத்திருந்த தங்கைக்குப் போன் பண்ணவேண்டும் என்றார். நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். மணி அடிக்கிற சத்தம் கேட்டதும் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் வெளிய நில்லும்மா" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான் எழுந்து வெளியே போய் வெயிலில் நின்றேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், டீக்கடை நிழல்வரை தள்ளிப் போய் நின்றேன். கண்ணாடிக்குள் அவர் உதடு அசைவது தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.